160 கிலோமீட்டரை யாரும் ஒரே நாளில் ஓட்டுவதில்லை

காட்டுப்பாதையில, மேடு பள்ளத்துல, ஒரே நாளில் 160 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி முடிச்ச வீடியோக்கள் இப்போ நிறைய வருது. முகமெல்லாம் சேறு, கண்ணுல தண்ணி, பின்னணியில ஒரு பாட்டு. கடைசியில "மனசு வெச்சா எதுவும் முடியும்"னு ஒரு வரி.

இதைப் பார்த்துட்டு என்கிட்ட ரெண்டு விதமா கேட்கிறாங்க.

"டாக்டர், இதெல்லாம் உடம்புக்கு நல்லதா?"

"டாக்டர், நானும் அடுத்த மாசம் ட்ரை பண்ணட்டுமா?"

ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அப்படியொரு சவாரியை மன உறுதி முடிச்சு வைப்பதில்லை. வயிறு, நிதானம், அதற்கு முந்தைய ஆறு மாதம். இந்த மூணும்தான் முடிச்சு வைக்குது. "ஒரே நாள்" என்பது கடைசியில கையில கிடைக்கிற ரசீது. பணம் அதுக்கு முன்னாடியே தவணை தவணையா கட்டியாச்சு.

தவணையே கட்டாம ரசீதை மட்டும் வாங்கப் போறவங்களைப் பத்திதான் என் கவலை.

பொதுவா பேசாம ஒரு நிஜப் பாதையை எடுத்துக்குவோம்.

இங்கிலாந்தின் தெற்கே "சவுத் டவுன்ஸ் வே" என்று ஒரு பாதை இருக்கு. 1972ல் திறக்கப்பட்டு, பின்னாளில் வின்செஸ்டர் நகரம் வரை நீட்டிக்கப்பட்டது. வின்செஸ்டரில் ஆரம்பிச்சா கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில் முடியும். மொத்தம் 100 மைல், அதாவது 160 கி.மீ. நடக்கிறவங்க, குதிரையில போறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. நடந்து போறவங்க வழக்கமா எட்டு, ஒன்பது நாள் எடுத்துக்குவாங்க.

மவுண்டன் பைக் ஓட்டறவங்க மத்தியில் "சவுத் டவுன்ஸ் வேயை ஒரே நாளில் முடிப்பது" ஒரு பெரிய கனவு. பகல் நீளமா இருக்கிற ஜூன் மாசத்தை நிறைய பேர் தேர்ந்தெடுப்பாங்க. அப்போ அங்கே காலை 5 மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், இருட்ட ராத்திரி 9 மணிக்கு மேல ஆகும். காற்று பெரும்பாலும் தென்மேற்கில இருந்து வீசும் என்பதால் மேற்கே ஆரம்பிச்சு கிழக்கே போறதுதான் வழக்கம்.

இந்தப் பாதையில மிக உயரமான இடம் பட்சர் ஹில். உயரம் வெறும் 270 மீட்டர். நம்ம ஆளுங்க கேட்டா சிரிப்பாங்க. "இதெல்லாம் ஒரு மலையா?"

சிக்கலே அங்கேதான் இருக்கு.

மேலே ஏறினா அப்படியே சமதளமா போகாது. மியோன், ஆரன், அடூர், ஊஸ், கக்மியர்னு வரிசையா ஆறுகள் அந்தக் குன்றுத் தொடரைக் குறுக்கே வெட்டிட்டுப் போகுது. ஏறினதை எல்லாம் ஆறு வரைக்கும் இறங்கி, மறுபடி முதல்ல இருந்து ஏறணும். இப்படி ஏறினதையெல்லாம் கூட்டினா கிட்டத்தட்ட 4000 மீட்டர் வரும். தொட்டபெட்டா சிகரத்தோட உயரமே 2637 மீட்டர்தான்.

ஆக, ஒரு பெரிய மலை உங்களைத் தோற்கடிக்கிறதில்லை. சின்னச் சின்ன மேடுகள் சேர்ந்து தோற்கடிக்குது.

தரையும் லேசுப்பட்டதில்லை. முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மழையில நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். காய்ஞ்சிருந்தா நடுநடுவே சிக்கிமுக்கிக் கல் நீட்டிக்கிட்டு டயரைக் கிழிக்கும். தார் ரோட்டுல 160 ஓட்டறதும் இதுவும் ஒண்ணு கிடையாது.

இப்போ உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

நம்ம உடம்புல எரிபொருள் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு கிளைக்கோஜன், அதாவது தசையிலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வெச்சிருக்கிற மாவுச்சத்து. இன்னொண்ணு கொழுப்பு.

கிளைக்கோஜன் பையில இருக்கிற சில்லறை மாதிரி. கேட்ட உடனே எடுக்கலாம். ஆனா மொத்தமே சுமார் 2000 கலோரிதான். கொழுப்பு பேங்க்ல போட்ட டெபாசிட். ஒல்லியா இருக்கிறவர்கிட்ட கூட பல்லாயிரம் கலோரி இருக்கும். ஆனா மெதுவாத்தான் வெளியே வரும்.

கணக்கைப் பாருங்க. நிதானமா ஓட்டினாலே மணிக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். 13 மணி நேரம் ஓட்டினா 6500. சில்லறை 2000தான். மிச்சம் 4500 எங்கிருந்து வரும்?

கொஞ்சம் வழியில சாப்பிடறதுல இருந்து. மீதி கொழுப்புல இருந்து.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நீங்க வேகமா மிதிச்சா உடம்பு சில்லறையைத்தான் அள்ளி அள்ளிச் செலவு பண்ணும். மெதுவா மிதிச்சாத்தான் டெபாசிட்டைத் தொடும். அதனால காலையில முதல் ரெண்டு மணி நேரம் உற்சாகத்துல பறக்கிறவர், சாயங்காலத்துக்கான காசைக் காலையிலயே செலவு பண்றார்.

காசு தீர்ந்தா என்ன ஆகும்? கால் நகராது. தலை சுத்தும். கண் இருட்டும். காரணமே இல்லாம அழுகை வரும், இல்ல எரிச்சல் வரும். வீடியோவுல நாம "எமோஷனல் மொமென்ட்"னு பார்க்கிறதுல பாதி ரத்தச் சர்க்கரை இறங்கினதோட அறிகுறிதான்.

சரி, அப்போ நிறைய சாப்பிட்டுட்டே போகலாமே?

முடியாது. குடலுக்கு ஒரு எல்லை இருக்கு. குளுக்கோஸ் மட்டும்னா மணிக்குச் சுமார் 60 கிராம்தான் குடல் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேற வாசல் வழியா உள்ளே போறதால, ரெண்டையும் கலந்து எடுத்தா 90 கிராம் வரைக்கும் போகலாம். அதுவும் பழக்கின குடலுக்குத்தான்.

60 கிராம்னா சுமாரா ரெண்டு வாழைப்பழம். ஒவ்வொரு மணி நேரமும். பசி இல்லைன்னாலும். பதினோராவது மணி நேரத்துல இனிப்பைப் பார்த்தாலே குமட்டும்போதும். இதுதான் நிஜமான பயிற்சி. காலைப் பழக்கற மாதிரியே வயித்தையும் மாசக்கணக்கா பழக்கணும். ரொம்ப வேகமா போனா குடலுக்குப் போற ரத்தம் குறைஞ்சு, சாப்பிட்டது அப்படியே வாந்தியா வரும். ஆக, நிதானமும் வயிறும் தனித்தனி விஷயமில்லை.

எவ்வளவு நிதானம்? மீட்டர் எதுவும் வேணாம். பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையா வந்தா வேகம் அதிகம். செங்குத்தான மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போங்க. அதுல ஒரு கேவலமும் இல்லை. அனுபவசாலிகளே அதைத்தான் செய்வாங்க.

அடுத்து தண்ணீர்.

"தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி, நிறைய குடி"ன்னு ஒரு அறிவுரை ரொம்ப காலமா சுத்திட்டு இருக்கு. ஜாக்கிரதை.

2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரோட ரத்தத்தை எல்லைக்கோட்டுல பரிசோதிச்சாங்க. 2005ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அந்த முடிவு வெளிவந்தது. 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருந்தது. 3 பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. ஓட்டத்துக்கு அப்புறம் எடை கூடியிருந்தவங்ககிட்டதான் இது அதிகம். அதாவது வியர்வையில போனதை விட அதிகமாத் தண்ணி குடிச்சவங்க.

சோடியம் இறங்கினா மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு. வெளியே இருந்து பார்த்தா "பாவம், தண்ணி பத்தலை போல"ன்னுதான் தோணும். இன்னும் ரெண்டு பாட்டில் ஊத்தினா நிலைமை மோசமாகும்.

தாகத்துக்குக் குடிங்க. கூடவே உப்புள்ளதைச் சாப்பிடுங்க. நாள் முழுக்க வெறும் தண்ணி மட்டும் குடிக்காதீங்க. சவுத் டவுன்ஸ் வேயில ஆங்காங்கே குடிதண்ணீர்க் குழாய் வெச்சிருக்காங்க. எந்தக் குழாய் எத்தனையாவது கிலோமீட்டர்ல இருக்குன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போறவங்க நிறைய பேர். அந்தத் திட்டமிடல்தான் பாதி வெற்றி.

மூணாவது, வலி மாத்திரை.

"முட்டி வலிக்கும்னு தெரியும், அதனால முன்னாடியே ஒரு மாத்திரை போட்டுக்கிட்டேன்." தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க.

80 கி.மீ தூரம் ஓடறவங்களை வெச்சு 2017ல் ஒரு ஆய்வு வெளியாச்சு. ஒரு குழுவுக்கு ஐபுப்ரோஃபன், இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. கிட்னி பாதிப்புக்கான அளவுகோலைத் தொட்டவங்க ஐபுப்ரோஃபன் குழுவுல 52 சதவீதம், இன்னொரு குழுவுல 34 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை வெச்சு இறுதித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா ஏற்கனவே நீர்ச்சத்து குறைஞ்சு, தசை சிதைஞ்சு திணறிட்டு இருக்கிற கிட்னி மேல இன்னொரு பாரம் ஏன்?

சவாரி முடிஞ்ச ராத்திரியோ மறுநாளோ சிறுநீர் கோலா நிறத்துல போச்சுன்னா, தசைச் சிதைவு கிட்னியை அடைக்க ஆரம்பிச்சிருக்கலாம். "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நாலாவது, யாரும் பேசாத நரம்புகள்.

நாள் முழுக்க ஹேண்டில்பார்ல உள்ளங்கையை அழுத்திட்டு இருந்தா, மணிக்கட்டுப் பக்கம் போற அல்நார் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும். சிலருக்குச் சட்டை பட்டன் போடறதே கஷ்டமாகி, சரியாக வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகலாம். சீட் அழுத்தற இடத்துலயும் இதே கதைதான். ஆண்களுக்கும் சரி, பெண்களுக்கும் சரி, அந்த இடம் மரத்துப் போறது சாதாரணம்னு விடக்கூடாது. அடிக்கடி எழுந்து நின்னு ஓட்டணும், கையோட பிடியை மாத்தணும், சீட்டை உங்க உடம்புக்குப் பொருத்தணும்.

இப்போ எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். ஹார்ட்.

1993ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு. மாரடைப்பு வந்த 1228 பேர்கிட்ட, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டு இருந்தீங்கன்னு கேட்டாங்க. கடுமையான உடலுழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுதுன்னு கணக்குப் போட்டாங்க.

வாரத்துக்கு 5 நாளோ அதுக்கு மேலயோ உடற்பயிற்சி செய்யறவங்களுக்கு 2.4 மடங்கு.

வாரத்துக்கு ஒரு நாள் கூட செய்யாதவங்களுக்கு 107 மடங்கு.

திரும்பவும் படிங்க. 2.4 எங்கே, 107 எங்கே?

பயப்படுத்தச் சொல்லலை. ஏதோ ஒரு மணி நேரத்துல ஒருத்தருக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பச் சின்னது. அதை 107ஆல பெருக்கினாலும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நாப்பத்தஞ்சு வயசு, சர்க்கரை இருக்கு, புகைப்பழக்கம் இருக்கு, நாலு வருஷமா சைக்கிளைத் தொடலை, இந்த ஞாயித்துக்கிழமை நண்பர்களோட மலை ஏறப் போறேன்னு சொல்றவர் மேல அந்த 107 முழுசா இறங்கும்.

அதே ஆய்வோட இன்னொரு பக்கமும் இருக்கு. தொடர்ந்து செய்யறவங்களுக்கு ஆபத்து அவ்வளவு குறையுது. ஆக, உங்க இதயத்தைக் காப்பாத்தப் போறது அந்த ஒரு நாள் இல்லை. அதுக்காக நீங்க தயாரான 150, 200 நாட்கள்.

"அப்போ அதிகமா செஞ்சா அதிக நல்லதா?" அப்படியும் இல்லை. ஸ்வீடனில் வாசலோப்பெட் என்கிற 90 கி.மீ பனிச்சறுக்குப் போட்டியில் பங்கேற்ற 52,755 பேரை வருஷக்கணக்கா கவனிச்சாங்க. நிறைய தடவை முடிச்சவங்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு கொஞ்சம் அதிகம்னு 2013ல் வெளியிட்டாங்க. எப்பவாவது ஒரு நீண்ட சவாரி செய்யறவங்களுக்கு இது பெரிய கவலை இல்லை. வருஷக்கணக்கா இதையே வாழ்க்கையா வெச்சிருக்கிறவங்க படபடப்பை அலட்சியப்படுத்தக் கூடாது.

இன்னொரு ஆபத்து எந்த வீடியோவுலயும் வராது. அது எல்லைக்கோட்டுக்கு அப்புறம் வருது.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும்னா 3 மணிக்கு எழுந்திருக்கணும். முடிக்கிறப்போ ராத்திரி 8 மணி. 17 மணி நேரம் விழிச்சிருக்கீங்க. இவ்வளவு நேரம் விழிச்சிருக்கிறவரோட மூளை வேகம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரோட வேகத்துக்குச் சமம்னு 1997லயே நேச்சர் இதழ்ல வந்தாச்சு. இந்தியாவுல குடிச்சுட்டு ஓட்டறதுக்கான சட்ட வரம்பே 0.03தான்.

அந்த நிலையில சைக்கிளைக் கார் மேல கட்டிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வீட்டுக்குப் போறாங்க. 160 கி.மீ காட்டுப்பாதையை விட அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்குப் பயம். வேற யாராவது ஓட்டட்டும். இல்ல ரயில்ல போங்க. இல்ல அங்கேயே தங்குங்க.

கடைசியா, நான் அழுத்திச் சொல்ல விரும்பற விஷயம். பாதியில நிறுத்தறது.

சவுத் டவுன்ஸ் வேயில பாதித் தூரத்துல ஆம்பர்லினு ஒரு ரயில் நிலையம் பாதைக்குப் பக்கத்துலயே இருக்கு. 130 கி.மீ தாண்டினதும் சவுத்தீஸ்னு இன்னொரு நிலையம். சவுத்தீஸைத் தாண்டினதும் நீண்ட ஏற்றம், அப்புறம் ஆல்ஃப்ரிஸ்டன் ஊர் வரை இறக்கம், மறுபடி ஏற்றம், ஜெவிங்டன், கடைசியா இன்னொரு மேடு, அப்புறம்தான் ஈஸ்ட்போர்ன். உடம்பு காலியான பிறகுதான் இதெல்லாம் வருது.

சவுத்தீஸ் நிலையத்துல சைக்கிளை நிறுத்தி, "இன்னைக்கு இது போதும்"னு ரயில் ஏறறவரை நம்ம ஊர்ல தோத்தவர்னு சொல்வோம். நான் அவரைத்தான் தெளிவானவர்னு சொல்வேன். களைச்ச உடம்போட, நடுங்கற கையோட, வழுக்கற சுண்ணாம்பு இறக்கத்துல பிரேக் பிடிக்கத் தெரியாம விழுந்து காறை எலும்பை உடைச்சுக்கறதை விட ரயில் டிக்கெட் மலிவு.

மன உறுதி நல்ல குணம்தான். ஆனா நெஞ்சுவலிக்கும் சோடியம் குறைவுக்கும் மன உறுதி மருந்து கிடையாது. "வலியைத் தாண்டிப் போ"ன்னு சொல்றவங்க எந்த வலியைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்றதில்லை. நான் சொல்றேன்.

தொடை எரிச்சல், தோள் வலி, சலிப்பு: தாண்டலாம்.

நெஞ்சுல அழுத்தம், மயக்கம், வேகத்துக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறல், பேச்சுல குழப்பம், நிக்காத வாந்தி, வெயில்லயும் நடுக்கம்: அந்த இடத்துலயே நிறுத்துங்க. உதவிக்குக் கூப்பிடுங்க.

சரி, ஆசை இருக்கிறவங்க என்ன செய்யலாம்?

1. குறைஞ்சது ஆறு மாசம் ஒதுக்குங்க. வாரத்துக்கு மூணு, நாலு நாள் ஓட்டுங்க. அதுல ஒரு நாள் மட்டும் நீண்ட சவாரி. 30, 40, 60னு படிப்படியா 100, 110 கி.மீ வரைக்கும் கொண்டு வாங்க. நடுவுல ஓய்வு வாரமும் வேணும்.

2. பழகறப்போ எதைச் சாப்பிட்டீங்களோ அதையேதான் அன்னைக்கும் சாப்பிடணும். புதுசா எதையும் அன்னைக்குத் தொடாதீங்க.

3. 40 வயசைத் தாண்டினவங்க, பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் உள்ளவங்க, குடும்பத்துல சின்ன வயசுல திடீர் மரணம் நடந்தவங்க: டாக்டரைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

4. இன்சுலின் போடறவங்களுக்கு, சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்களுக்கு, சவாரி முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயே சர்க்கரை இறங்கலாம். பிபிக்கு நீர் மாத்திரை எடுக்கிறவங்களுக்கும் அன்னைக்கு அளவை மாத்த வேண்டி வரலாம். நீங்களா மாத்தாதீங்க, நிறுத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே பேசுங்க.

5. தனியாப் போகாதீங்க. எங்கெங்கே வெளியேறலாம்னு முன்னாடியே வரைபடத்துல குறிச்சு வைங்க. ஹெல்மெட், காற்றைத் தடுக்கிற ஒரு ஜாக்கெட், பஞ்சர் சாமான் கட்டாயம்.

ஆசையே இல்லாதவங்களுக்கு? 160ஐ மறந்துடுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதைச் செஞ்சாலே அந்த 107ல இருந்து நீங்க விலகி வர ஆரம்பிச்சிடுவீங்க. இதுக்குச் சேறும் வேணாம், வீடியோவும் வேணாம்.

முடிச்சவங்களைக் குறைச்சுப் பேசறதுக்காக இதை எழுதலை. 13 மணி நேரம் நிதானமா ஓட்டி, மணிக்கு மணி சாப்பிட்டு, ஒவ்வொரு மேட்டுலயும் ஆசையை அடக்கி ஈஸ்ட்போர்ன் வந்து சேர்றவர் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனா அடுத்த தடவை அவரைப் பார்த்தா "எப்படி மனசைத் திடப்படுத்தினீங்க?"ன்னு கேட்காதீங்க. "போன ஆறு மாசம் எப்படி ஓட்டினீங்க, வழியில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேளுங்க. உபயோகமான பதில் கிடைக்கும்.

உங்க நண்பர்கள் குழுவுல யாராவது "அடுத்த ஞாயிறு போலாமா?"ன்னு அந்த வீடியோவைப் போட்டிருந்தா, அதுக்குக் கீழே இதையும் போட்டு விடுங்க.